வராத 12 இன்ஜின்கள்

தண்ணியிலயும் இறங்கணும், நின்ன இடத்துலேர்ந்து செங்குத்தா மேலயும் எழும்பணும். இப்போ ஏர் டாக்சி செய்யக் கிளம்பியவர்கள் மல்லுக்கட்டும் இந்தக் கணக்கை, சோவியத்தில் ராபர்ட் பார்த்தினி 1960களிலேயே போட்டுப் பார்த்துட்டார். இத்தாலியிலிருந்து போனவர். அவரோட விவிஏ-14 டாக்சி இல்லைங்க, அமெரிக்காவின் போலாரிஸ் நீர்மூழ்கிகளை வேட்டையாட நினைத்த விமானம்.

சிக்கல் என்னன்னா, இந்த ரெண்டு ஆசையும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. செங்குத்தா எழும்ப, உந்துவிசை மொத்த எடையைவிட அதிகமா இருக்கணும். மிதக்கவோ பெரிய மிதவை வேணும். அது எடையையும் கூட்டும், காற்றில் பிடிச்சும் இழுக்கும். பார்த்தினி யோசித்தது, காற்றடைத்துச் சுருக்கிக்கொள்ளும் 14 மீட்டர் மிதவைகள். முன்னே தள்ளும் 2 இன்ஜின்களைத் தண்ணி தெறிக்காதபடி முதுகில் ஏத்திட்டார். கில்லாடி!

மேலே தூக்க மட்டும் தனியா 12 இன்ஜின்கள். மொத்த டிசைனும் அதை நம்பித்தான். 1972 செப்டம்பர் 4 அன்று விமானம் முதன்முதலா பறந்தது, ஓடுபாதையில் ஓடித்தான். அந்த 12 இன்ஜினும் கடைசிவரை வரவே இல்லை. (பக்கத்து டீம் மாட்யூல் 'அடுத்த வாரம்' வந்துடும்னு டம்மி ஃபங்ஷன் எழுதி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கும் நம்மாளுங்களுக்கு இந்த வலி புரியும்.)

1974 டிசம்பரில் பார்த்தினி இறந்துபோனார். அப்புறம் மூக்குப் பக்கம் வேற இன்ஜின்களை மாட்டி, தண்ணிக்கு மேல தாழப் பறக்கவைக்கப் பார்த்தாங்க. அதுவும் நின்னுபோச்சு. ஒரு தடவைகூட செங்குத்தா எழும்பாமலே மாஸ்கோ பக்கத்து மோனினோ மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது, இறக்கைகள் கழற்றப்பட்டு.