பக்கவாத விழுங்கற்கோளாறுக்கான காந்தவழி மூளைத் தூண்டல்

காந்தவழி மூளைத் தூண்டல் என்பது மண்டையோட்டைத் திறக்காமல், மாறும் காந்தப்புலத்தைக் கொண்டு மூளையின் நரம்புக் கலங்களைத் தூண்டும் முறையாகும். பக்கவாதத்தால் விழுங்கும் திறனை இழந்தோருக்கு அதை மீட்டளிக்க இம்முறை ஆராயப்பட்டு வருகிறது.

விழுங்கற்கோளாறு
பக்கவாதத்தின் தொடக்க நாட்களில் நோயாளர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் இடர்ப்பாடு தோன்றுகிறது. உணவோ நீரோ உமிழ்நீரோ மூச்சுக்குழலுள் சென்றால் நுரையீரல் அழற்சி ஏற்பட்டு உயிரிழப்பும் நேரலாம். சிலருக்கு இருமல்கூட எழாமலே இது நிகழும். பலர் சில வாரங்களில் தாமாகவே குணமடைவர். ஏனையோருக்கு நீண்டகாலம் குழாய்வழி உணவூட்ட வேண்டியிருக்கும்.

செயற்படும் முறை
தலையின் மேல் வைக்கப்படும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் நொடிப்பொழுது பாய்ச்சப்படும். அதனால் உண்டாகும் காந்தப்புலம், மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதிப்படி, பெருமூளைப் புறணியில் சிறு மின்னோட்டத்தை ஏற்படுத்தும். பொதுவாக, விரைவான தொடர்துடிப்புகள் புறணியின் கிளர்ச்சியைக் கூட்டும். வினாடிக்கு ஒன்று என்ற அளவிலான மெதுவான துடிப்புகள் அதைக் குறைக்கும்.

வரலாறு
1985இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவரது குழுவினரும் இம்முறையை முதன்முதலில் செய்துகாட்டினர். 1990களில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாகீன் அம்தி குழுவினர், விழுங்கும் தசைகளுக்கான பகுதிகள் மூளையின் இரு அரைக்கோளங்களிலும் உள்ளன என்றும், அவை அளவில் சமமானவை அல்ல என்றும் கண்டனர். குணமடைந்தோரில், பாதிக்கப்படாத அரைக்கோளத்தின் தொண்டைக்குரிய பகுதி விரிவடைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் சிதைந்தாலும் சிலருக்கு விழுங்கல் கெடுவதையும், பின்னர் அது மீள்வதையும் இக்கண்டுபிடிப்பு விளக்கியது.

சிகிச்சை ஆய்வுகள்
தூண்ட வேண்டிய பக்கம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. 2009இல் வெளியான எகிப்தின் அசியூத் பல்கலைக்கழக ஆய்வில், 26 நோயாளர்களுள் ஒரு பிரிவினருக்குப் பாதிக்கப்பட்ட பக்கத்தில் ஐந்து நாட்கள் தூண்டல் அளிக்கப்பட்டது. போலித் தூண்டல் பெற்றோரைவிட அவர்கள் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். அது இரு மாதங்கள் நீடித்தது. நலமான பக்கத்தை விரைவான துடிப்புகளால் ஊக்குவிப்பதும், மாறாக மெதுவான துடிப்புகளால் அடக்குவதும் பிற ஆய்வுகளில் கையாளப்பட்ட வழிகளாகும்.

பாதுகாப்பும் வரம்புகளும்
தலைவலி, உச்சந்தலையில் வலி ஆகியன பொதுவான பக்கவிளைவுகள். அரிதாக வலிப்பு ஏற்படலாம். தலையினுள் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமோ செவிச்சுருள் பொருத்தியோ உள்ளோருக்கு இது தவிர்க்கப்படும். ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்பதால், இம்முறை விழுங்கல் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ளப்படுவதில்லை.