மாணவரைத் திருத்துவதிலிருந்து பாடத்தைத் திருத்துவதற்கு: அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பின் வரலாறு

திறவுச்சொற்கள்: உள்ளடக்கிய கல்வி, கலைத்திட்டம், பாடநூல், மாற்றுத்திறனாளிகள், மதிப்பீடு

முன்னுரை

மாற்றுத்திறனாளி மாணவர் வகுப்பறைக்கு வந்தபின் அவருக்கெனத் தனி ஏற்பாடு செய்வது ஒரு முறை. பாடத்தைத் திட்டமிடும்போதே அவரையும் கருத்தில் கொள்வது மற்றொரு முறை. இவ்வேறுபாடே ‘அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு’ என்னும் கோட்பாட்டின் அடிப்படையாகும். அமெரிக்காவில் உருவான இக்கோட்பாட்டின் வளர்ச்சியையும், அது வகுப்பறை நடைமுறைக்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டடக் கலையில் தோற்றம்

இச்சிந்தனை முதலில் கட்டடக் கலையில் தோன்றியது. சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், கட்டி முடித்த கட்டடத்தில் பின்னர் சாய்தளம் சேர்ப்பதைவிட, தொடக்கத்திலேயே எல்லாரும் பயன்படுத்தத்தக்கதாக அமைப்பதை வலியுறுத்தினார். 1997இல் அவர் உள்ளிட்ட குழுவினர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏழு நெறிகளை வகுத்தனர். சக்கர நாற்காலிக்காகச் சரித்துக் கட்டப்பட்ட நடைபாதை விளிம்பு, குழந்தை வண்டி தள்ளுவோர்க்கும் பயன்பட்டமை இந்நெறிகளுக்குத் தக்க சான்றாகும்.

கல்விக்குள் நுழைவு

1975இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்கு இலவசப் பொதுக்கல்வியை உறுதிசெய்தது. பள்ளிக் கதவு திறந்தது. ஆனால் பாடநூல் மாறவில்லை. 1984இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆன் மேயர், டேவிட் ரோஸ் முதலியோர் ‘கேஸ்ட்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கணினியின் துணையால் ஒவ்வொரு மாணவரையும் பாடத்திற்கு ஏற்ப ஆயத்தப்படுத்துவதே அவர்களின் தொடக்ககாலப் பணியாக இருந்தது. நாளடைவில் அவர்களின் கேள்வி மாறியது. குறை மாணவரிடம் இல்லை, அச்சு வடிவம் ஒன்றையே நம்பிய கலைத்திட்டத்தில் உள்ளது என்னும் முடிவிற்கு அவர்கள் வந்தனர். இத்திருப்பமே இக்கோட்பாட்டின் வரலாற்றில் தலையாயது.

நெறிகளும் வகுப்பறையும்

ஈடுபாடு, பொருளை முன்வைத்தல், செயலும் வெளிப்பாடும் ஆகிய மூன்றிலும் பல வழிகள் வேண்டும் என்பது இக்கோட்பாட்டின் சாரம். 2008இல் இதற்கான வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. அதே ஆண்டில் அமெரிக்க உயர்கல்விச் சட்டமும் இதனை வரையறுத்தது.

நடைமுறையில் முதலில் செய்யவேண்டியது, கற்றல் நோக்கத்தையும் அதை அடையும் வழியையும் பிரித்தறிதல். நீர்ச்சுழற்சியைப் புரிந்துகொள்வது நோக்கம் எனில், கையால் எழுதுவது ஒரு வழி மட்டுமே. மாணவர் வாய்மொழியாகவோ படம் வரைந்தோ மாதிரி செய்தோ விளக்கலாம். எழுத்துத் திறனே நோக்கம் எனில் எழுதுவதை நீக்க இயலாது. அதற்கான துணைகளையே பெருக்கவேண்டும். இப்பிரிப்பைச் செய்யாமல் காணொளியையும் செயல்பாடுகளையும் அடுக்குவது இக்கோட்பாடு ஆகாது. இது வகுப்பறையில் எவ்வடிவில் இருக்கும் என அடையாளம் காண இயலுமா என்று 2010இல் டேவ் எடிபர்ன் எழுப்பிய வினா இன்றும் பொருந்துகிறது. 2024இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் ‘வழங்குக’ என்னும் வினைச்சொல் ‘வடிவமைக்குக’ என மாற்றப்பட்டது. முன்கூட்டித் திட்டமிடலே முதன்மையானது என்பதை இம்மாற்றம் வலியுறுத்துகிறது.

இந்தியச் சூழல்

இந்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) அனைவருக்குமான வடிவமைப்பை வரையறுக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் உதவி போன்ற சலுகைகளையும் அச்சட்டமே கூறுகிறது. சலுகைகள் இன்றியமையாதவை, எனினும் அவை வடிவமைப்புக்கு மாற்று ஆகா. எழுத்தரின் துணையோடு தேர்வெழுதும் மாணவர், ஆண்டு முழுவதும் அப்பாடத்தை எவ்வடிவில் பெற்றார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

முடிவுரை

பள்ளியில் இடம் பெறும் உரிமையில் தொடங்கி, பாடத்தில் இடம் பெறும் உரிமையை நோக்கி நகர்ந்ததே இக்கோட்பாட்டின் வரலாறு. முதலாவதைச் சட்டம் வழங்க இயலும். இரண்டாவதைப் பாடத்திட்டக் குழுவும் ஆசிரியரின் பாடக்குறிப்புமே வழங்க இயலும். எனவே ஆசிரியர் கல்வியில் இக்கோட்பாட்டைத் தனித்தாளாக மட்டும் வைக்காமல், ஒவ்வொரு பாடத்தின் கற்பித்தல் முறையிலும் இணைப்பது தேவையாகிறது.