இரண்டு முறை தொடப்பட்ட கண்கள்



மாற்கு நற்செய்தி 8 ஆம் அதிகாரத்தில், பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவர்மேல் கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். இயேசு மறுபடியும் அவர் கண்கள்மேல் கைகளை வைக்கிறார். அதன் பிறகே எல்லாம் தெளிவாகிறது.

மனிதரை மரமாகப் பார்ப்பதும் பார்வையின்மைதான். மரத்தை வெட்டலாம், விற்கலாம். அதன் வலியைக் கேட்க வேண்டியதில்லை. இந்த அகக்கண் நோய் விசுவாசம் இல்லாதவர்களுக்கு மட்டும் வருவதா? திருச்சபையின் வரலாறு வேறு பதில் சொல்கிறது.

1511 டிசம்பர் 21, திருவருகைக் கால ஞாயிறு. கரீபியன் கடலிலுள்ள இஸ்பானியோலா தீவில், சாந்தோ தொமிங்கோ நகரின் ஆலயத்தில் ஸ்பெயின் நாட்டவர் கூடியிருந்தார்கள். கொலம்பஸின் மகனும் தீவின் ஆளுநருமான தியேகோவும் வந்திருந்தார். அந்த மக்கள் பூர்வகுடிகளை அரசிடமிருந்து பெற்றவர்கள். அவர்களுக்கு மறைக்கல்வி கொடுப்பதாகச் சொல்லி, வயலிலும் தங்கச் சுரங்கத்திலும் சாகும்வரை வேலை வாங்கினார்கள். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கும் வந்தார்கள்.

அன்று தொமினிக்கன் சபைத் துறவி அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் மறையுரை ஆற்றினார். பாலைநிலத்துக் குரலான திருமுழுக்கு யோவானின் பகுதியை எடுத்துக்கொண்டு, இவர்கள் மனிதர் இல்லையா, இவர்களுக்கு ஆன்மா இல்லையா என்று கேட்டார். யோவான் நற்செய்தியின் அதே பகுதியில்தான், மக்கள் நடுவே நிற்கும் ஒருவரை அவர்கள் அறியவில்லை என்ற சொல்லும் வருகிறது. மக்கள் கொதித்தார்கள். மறுவாரம் அவர் சொன்னதைத் திரும்பப் பெறுவார் என்று எதிர்பார்த்து வந்தார்கள். அவரோ இன்னும் கடுமையாகப் பேசினார்.

அந்தக் காலத்தில் இந்தத் தீவுகளில் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற அருள்பணியாளர் இருந்தார். அவரும் பூர்வகுடிகளை வேலைக்கு வைத்திருந்தவர். அந்தக் காரணத்துக்காக ஒரு தொமினிக்கன் துறவி அவருக்குப் பாவமன்னிப்பு அளிக்க மறுத்தார். அவர் மனம் மாறவில்லை. பிறகு கியூபாவில், உணவு கொடுத்து வரவேற்ற மக்களையே ஸ்பெயின் வீரர்கள் வெட்டிச் சாய்த்ததைக் கண்ணால் கண்டார். கலங்கினார். ஆனாலும் தமக்கு ஒப்படைக்கப்பட்ட ஆட்களை ஏற்றுக்கொண்டார். கண்முன் நடந்த கொலைகூட அவர் அகக்கண்ணைத் திறக்கவில்லை.

அதைத் திறந்தது இறைவார்த்தை. 1514 இல் பெந்தக்கோஸ்து பெருவிழாவுக்கு மறையுரை தயாரிக்கையில், சீராக்கின் ஞானம் 34 ஆம் அதிகாரம் அவர் கையில் கிடைத்தது. ஏழையிடமிருந்து பறித்ததைப் பலியாக ஒப்புக்கொடுப்பது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்குச் சமம் என்கிறது அந்தப் பகுதி. பீடத்தில் தாம் கையிலேந்தும் காணிக்கை யாருடைய உழைப்பு? நாள்தோறும் அப்பத்தில் ஆண்டவரைக் கண்டவர், தம் வயலில் வாடியவர்களில் அவரைக் காணவில்லையே! அந்த ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, தம்மிடமிருந்த பூர்வகுடிகளை விட்டுவிடுவதாக எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார். அது முதல் தொடுதல்.

ஆனால் பார்வை அதோடு முழுமையாகவில்லை. பூர்வகுடிகளின் சுமையைக் குறைப்பதற்காக, ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அவரே அரசுக்கு யோசனை சொன்னார். ஒரு மக்கள் மனிதராகத் தெரிந்தார்கள். இன்னொரு மக்கள் இன்னும் மரமாகவே தெரிந்தார்கள். ஆப்பிரிக்கரும் நியாயமின்றியே பிடிக்கப்பட்டார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தார். அறியாமல் செய்தேன் என்பது கடவுளின் தீர்ப்பின்முன் தம்மைக் காக்குமா என்பது உறுதியில்லை என்று, தாம் எழுதிய வரலாற்று நூலில் பதிவு செய்தார். அது இரண்டாம் தொடுதல். 1566 இல் மத்ரித் நகரில் இறக்கும்வரை ஒடுக்கப்பட்டவர்களுக்காக வாதாடினார்.

அன்பானவர்களே, அகக்கண் திறந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக உட்கார முடியாது. நோயாளியிடம் ஆண்டவரைக் காணும் நமக்கு, நம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரிடம் அவர் தெரிகிறாரா? ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குபவரின் பெயர் நமக்குத் தெரியுமா? கூலியில் பிடித்த ரூபாய் காணிக்கைத் தட்டில் விழுகிறதா? நம் சாதி, நம் தெரு என்ற எல்லைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் நமக்கு மனிதரா, மரமா?

பெத்சாய்தாவின் மனிதர் அரைகுறைப் பார்வையோடு வீட்டுக்கு ஓடிவிடவில்லை. சரியாகத் தெரியவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார், ஆண்டவர் மீண்டும் தொடும்படி நின்றார். இந்த வாரம் நற்கருணை வாங்கப் போகும்போது நாமும் அப்படி நிற்போம். ஆண்டவரே, எங்கள் கண்களை இன்னொரு முறை தொட்டருளும். ஆமென்.