காவியும் கல்குவாரியும்

காவி உடையைக் கண்டால் நம்மவர் உள்ளத்தில் ஐயம் எழுகிறது. எழுவது இயற்கை, குற்றமன்று. உழைக்காமல் உண்பதற்கு ஓர் உரிமைச் சீட்டாகவும், ஊரை அடக்குவதற்கு ஒரு கோலாகவும், ஏழையின் வாயை அடைப்பதற்கு ஒரு துணியாகவும் அந்த உடை பயன்பட்டதை இந்த நாடு நெடுங்காலம் கண்டிருக்கிறது. "உன் துன்பம் உன் பழவினை, பொறுத்துக்கொள்" என்று பசித்தவனுக்கு உபதேசம் செய்தவர்கள் காவி கட்டியிருந்தார்கள். ஆகவே ஐயுறுகிறோம்.

ஆனால் ஐயமே தீர்ப்பாகிவிடலாகாது. உடையைப் பார்த்து ஆளை ஒதுக்குவது, பிறப்பைப் பார்த்து ஆளை ஒதுக்கியவர்களின் வழக்கம். அந்த வழக்கம் நமக்கு வேண்டாம். நம்மிடம் உள்ள அளவுகோல் ஒன்றே: இவர் யார் பக்கம் நின்றார்? அடித்தவன் பக்கமா, அடிபட்டவன் பக்கமா? அந்த அளவுகோலைக் கொண்டு, அண்மைக் காலத்தில் வாழ்ந்து மறைந்த துறவி ஒருவரின் வாழ்வை அளந்து பார்ப்போம். அவர் பெயர் சுவாமி அக்னிவேஷ்.

1939-ஆம் ஆண்டு, தெலுங்கு பேசும் வைதிகப் பிராமணக் குடும்பமொன்றிலே பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் வேப்பா சியாம் ராவ். இளமையிலே தந்தையை இழந்து, சக்தி என்னும் சிறு சமஸ்தானத்தில் திவானாக இருந்த பாட்டனாரிடம் வளர்ந்தார். சட்டமும் வணிகமும் கற்றார். கல்கத்தாவில் புனித சேவியர் கல்லூரியிலே விரிவுரையாளராக இருந்தார். அந்தப் பிறப்புக்கும் அந்தப் படிப்புக்கும் வளமான வாழ்வு கைக்கெட்டும் தொலைவிலே இருந்தது. அதை விட்டுவிட்டு 1968-இல் அரியானாவுக்குப் போனார். 1970-இல் ஆரிய சமாஜத் துறவியானார்.

ஆரிய சமாஜம் என்றதும் புருவத்தை நெரிப்போர் உண்டு. காரணமும் உண்டு. 1875-இல் தயானந்த சரசுவதி பம்பாயிலே தோற்றுவித்த அந்த இயக்கத்துக்கு இரண்டு முகங்கள். உருவ வழிபாடு வேண்டாம், பிறப்பால் சாதி இல்லை, பெண்ணும் படிக்கவேண்டும் என்று பேசியது ஒரு முகம். வேதமே முற்றுண்மை, மற்ற மதங்களெல்லாம் மயக்கம் என்று பிற சமயத்தாரை இகழ்ந்தும், அவர்களைத் 'தூய்மைப்படுத்தி' மாற்றுவதற்குக் கிளம்பியும் கசப்பை வளர்த்தது மற்றொரு முகம். இந்த இரண்டிலே முதலாவதைக் கையிலே எடுத்துக்கொண்டார் அக்னிவேஷ். இரண்டாவதைக் கீழே போட்டார். அவருடைய வாழ்வின் சிறப்பு இந்தத் தேர்விலேதான் தொடங்குகிறது.

1977-இல் அரியானாச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; 1979-இல் கல்வி அமைச்சரானார்; சில திங்களிலே அந்தப் பதவியை விட்டு வெளியேறினார். 1981-இல் 'பந்துவா முக்தி மோர்ச்சா' என்னும் கொத்தடிமை விடுதலை முன்னணியைத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் போய் நின்ற இடம் மடமன்று, மாளிகையன்று. தில்லித் தலைநகரின் ஓரத்திலே, பரீதாபாத்தின் கல்குவாரிகள்!

அந்தக் குவாரிகளில் வாழ்ந்தவர்கள் யார்? ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஒரிசா முதலிய இடங்களிலிருந்து பஞ்சம் துரத்த வந்தவர்கள். ஊரிலே முன்பணம் கொடுத்து ஏஜெண்டுகள் அழைத்து வந்தவர்கள். லாரிக் கணக்கிலே கூலி. அந்தக் கூலியிலே ஆள் பிடித்தவனுக்கு ஒரு பங்கு, பாறையில் துளையிட ஒரு பிடித்தம், வெடிமருந்துக்கு ஒரு பிடித்தம். எஞ்சியதில் வயிறு நிரம்புமா? நிரம்பாது. நிரம்பாதபோது மீண்டும் கடன். கடன் தீரும் வரை குவாரியை விட்டுப் போக முடியாது. குவாரியிலே இருக்கும் வரை கடன் தீராது! இப்படி ஒரு வளையத்தை முடிந்துவிட்டால் விலங்கு எதற்கு? இதற்குத்தான் கொத்தடிமை என்று பெயர். கல்லை அரைக்கும் எந்திரத்தின் புழுதியிலே மூச்சுத் திணறினார்கள், ஓடையில் தேங்கிய அழுக்கு நீரைக் குடித்தார்கள், காசநோயால் இருமினார்கள், வெடியிலே காயம்பட்டவனுக்கு நட்டஈடும் இல்லை, மருந்தும் இல்லை.

இவ்வளவும் சட்டமில்லாத காலத்தில் நடந்ததா? இல்லை. கட்டாய உழைப்பை அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு 1950-லேயே தடுத்துவிட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் தனிச் சட்டமும் 1976-இல் வந்துவிட்டது. ஏட்டிலே விடுதலை, குவாரியிலே அடிமை!

1982 பிப்ரவரியிலே அந்த முன்னணி, உச்சநீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதிற்று. வழக்குரைஞர் வகுத்த மனுவல்ல, வெறும் கடிதம். நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்றுக்கொண்டது. குவாரிகளை நேரில் பார்த்துவர வழக்குரைஞர் இருவரை ஆணையர்களாக அனுப்பியது. அவர்கள் பார்த்து எழுதியதும், கடிதம் சொன்னதும் ஒத்துப்போயின.

அரியானா அரசாங்கம் என்ன சொல்லிற்று? "எங்கள் மாநிலத்திலா இப்படி?" என்று துடித்ததா? இல்லை. கடிதத்தை மனுவாக ஏற்கலாகாது என்றது. தொழிலாளர்கள் கட்டாயத்தின் பேரில் உழைத்தாலும் உழைக்கலாம். ஆயினும், கடனுக்காகத்தான் உழைக்கிறார்கள் என்று மெய்ப்பிக்கப்படாத வரை அவர்கள் கொத்தடிமைகள் ஆகமாட்டார்கள் என்று வாதிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவன் கணக்குப் புத்தகம் கொண்டுவர வேண்டுமாம்! கடன் கொடுத்தவன் கையிலே இருக்கும் சீட்டை, கடன்பட்டவன் நீதிமன்றத்திலே காட்டவேண்டுமாம்!

1983 டிசம்பர் 16 அன்று நீதிபதி பகவதி தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. ஒருவன் கட்டாயத்தால் உழைக்கிறான் என்று காட்டப்பட்டாலே போதும். முன்பணமோ வேறு கட்டோ பெற்றுத்தான் அப்படி உழைக்கிறான் என்று நீதிமன்றம் கொள்ளும். அப்படியில்லை என்றால் அதை மெய்ப்பிக்கவேண்டியவன் முதலாளியே என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. சுமை, கல் சுமந்தவன் தோளிலிருந்து கல் விற்றவன் தோளுக்கு மாறியது. மனிதன் மானத்தோடு வாழ்வதும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்று விளக்கிய நீதிமன்றம், குடிநீர், மருத்துவம், புழுதித் தடுப்பு, விடுதலையானவர்களின் மறுவாழ்வு என்று இருபதுக்கும் மேற்பட்ட கட்டளைகளைப் பிறப்பித்தது.

இந்த இடத்திலே வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். அந்தத் துறவி வேதச் சுவடியை ஏந்திக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. எல்லோருக்கும் பொதுவான அரசமைப்புச் சட்டத்தை நம்பிப் போனார். மதத்தின் பெயரால் நடந்த கொடுமைகளை எதிர்த்தபோதோ, மதத்தின் மொழியிலேயே மதவாதிகளை மடக்கினார். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தெரிந்தவர் அவர்.

1987 செப்டம்பரிலே ராஜஸ்தானத்தின் தேவ்ராலாச் சிற்றூரில், கணவனை இழந்த பதினெட்டு வயது இளம்பெண் அவன் சிதையிலே எரிந்து மாண்டாள். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. அந்த இடத்தைப் புண்ணியத் தலமாக்கிப் பூச்சொரிந்தது. பூரி சங்கராச்சாரியார் அந்த வழக்கத்துக்கு ஆதரவாகப் பேசினார். அக்னிவேஷ் அவரைச் சாத்திர வாதத்துக்கு அழைத்தார். துறவிகளைத் திரட்டிக்கொண்டு தில்லியிலிருந்து தேவ்ராலா நோக்கி நடந்தார். ஊரை எட்டுமுன்னரே அந்த நடைப்பயணம் தடுத்து நிறுத்தப்பட்டது. பெண் எரிந்ததைத் தடுக்காத கைகள், அதைக் கண்டித்து நடந்தவர்களைத் தடுத்தன! மறு ஆண்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் நுழைவு உரிமை கோரி, உதயப்பூரிலிருந்து நாத்துவாரா நோக்கி அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தார்.

தன் மதத்துக்குள் அழுக்கைத் துடைப்பவன், பிற மதத்தானை வெறுக்க மாட்டான். தன் வீட்டைப் பெருக்காதவன்தான் அண்டை வீட்டுக் குப்பையைப் பற்றி ஓயாது பேசுவான். 1987-இல் மீரட்டிலே முஸ்லிம் இளைஞர்கள் கொன்று குவிக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்து, பல சமயத்தாரோடு தில்லியிலிருந்து மீரட்டுக்கு நடந்தார் இந்தக் காவித் துறவி. 1999 ஜனவரியிலே ஒரிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளருக்குத் தொண்டு செய்த ஆஸ்திரேலியப் பாதிரியார் கிரகாம் ஸ்டெயின்சும் அவருடைய சிறுவர் இருவரும் வண்டியிலே உறங்கியபோது உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். கொளுத்தியவர்கள் இந்து மதத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். "எங்கள் பெயரால் இதைச் செய்யாதே!" என்று சொல்லவேண்டிய கடமை இந்துவுக்கே முதலில் உண்டு என்று கருதிய அக்னிவேஷ், பல மதத் தலைவர்களோடு அந்த ஊருக்கே சென்றார். 2002-இல் குஜராத் எரிந்தபோதும் அப்படியே.

2004-இல் ஸ்வீடன் நாட்டிலே வழங்கப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது அவருக்குக் கிடைத்தபோது, இந்தியாவிலிருந்து அதைப் பெற்ற மற்றொருவர் அஸ்கர் அலி எஞ்சினியர். அவர் போரா முஸ்லிம் சமூகத்திலே பிறந்து, தம் சமூகத்து மதகுருவின் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடியவர். ஒருவர் இந்துத் துறவி, மற்றவர் முஸ்லிம் அறிஞர். இருவரும் தத்தம் வீட்டிலே அநீதியைத் தட்டிக் கேட்டவர்கள். அவர்கள் கைகோத்ததில் வியப்பென்ன?

"இதற்கெல்லாம் வேதம் எதற்கு? சுவாமி எதற்கு?" என்று கேட்பார் சிலர். நியாயமான கேள்வி. சாத்திரத்திலே உடன்கட்டைக்கு இடமிருந்திருந்தால் அந்தப் பெண் எரிந்தது சரியாகிவிடுமா? ஆகாது. ஒரு சுலோகம் தந்ததா மனித உரிமை, மற்றொரு சுலோகம் வந்து பறித்துக்கொள்ள? இதிலே நமக்கும் அவருக்கும் வழி வேறு. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. "சீர்திருத்தம் பேசுகிறவர்கள் எல்லாம் நாத்திகர்கள், வெளியார், மதத்தின் பகைவர்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது வைதிகத்தின் பழைய தந்திரம். மணியடிக்கும் வீட்டுக்குள்ளிருந்தே ஒருவர் எழுந்து நின்று "இது அநீதி" என்று சொல்லும்போது, அந்தத் தந்திரம் பலிப்பதில்லை. அதனால்தான் அவர்மீது அவ்வளவு ஆத்திரம்.

அமர்நாத் குகையின் பனிலிங்கம் இயற்கையாக உறையும் பனியே என்று 2011-இல் சொன்னதற்காக வழக்குகளைச் சந்தித்தார். 2018 ஜூலையிலே ஜார்க்கண்டின் பாகூரில், எண்பதை நெருங்கிய அந்த முதியவரை ஒரு கும்பல் கீழே தள்ளி, உடையைக் கிழித்து, அடித்தது. கிழிந்தது எந்த உடை? காவி! காவியின் பெருமையைக் காப்பதாகக் கூவியவர்களின் கைதான் அந்தக் காவியைக் கிழித்தது. 2020 செப்டம்பர் 11 அன்று அவர் மறைந்தார்.

அவர் வென்றுவிட்டார் என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் வரலாறு அப்படி முடியவில்லை. தீர்ப்பு வந்து ஆண்டுகள் பல கழிந்த பின், 1991-இல் அதே உச்சநீதிமன்றம், குவாரிகளின் நிலை எவ்வளவு மாறியது என்று பார்த்தபோது, கட்டளைகள் பெரும்பாலும் கட்டளைகளாகவே கிடந்ததைக் கண்டது. சட்டம் வந்தால் தீராது, தீர்ப்பு வந்தாலும் தீராது. கண்காணிக்க ஒரு கூட்டம் ஓயாமல் இருந்தால்தான் தீரும். இதைத் தெரிந்துகொள்ளாத விடுதலை, மாலை போட்டுக்கொண்டு மறந்துபோகும் விடுதலை.

எனவே, மதத்தின் பெயரால் பேச வருகிறவர் எவராயினும், எந்த நிற உடை உடுத்தியவராயினும், அவரை நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. உங்கள் சொந்த மதத்தார் செய்த கொடுமையை எப்போதாவது கண்டித்தீர்களா? பிற மதத்தான் அடிபட்டபோது அவன் வாசலுக்குப் போனீர்களா? கூலிக்காரன் கடனிலே கட்டுண்டு கிடந்தபோது முதலாளியைப் பகைத்துக்கொண்டீர்களா? மூன்றுக்கும் "ஆம்" என்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் எந்தக் கொள்கைக்காரராயினும் அவர்களோடு தோள் சேர நாம் தயங்கவேண்டியதில்லை. "ஆம்" என்று சொல்ல முடியாதவர்கள், கடவுளின் பெயரை எவ்வளவு உரக்கச் சொன்னாலும், நாம் தலைவணங்கவேண்டியதும் இல்லை.