மருந்து கெட்டித்த கைகள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் தேசிய மாணவர் படையினர் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் சென்றபோது துணைக்கு நானும் போயிருந்தேன். தமிழ்த்துறைக்காரனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. வேறொருவர் வர இயலாமற்போனதால் நேர்ந்த பயணம் அது. பயிற்சி முடிந்ததும் சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிப் பார்த்தார்கள். கொடுத்த எண்ணிக்கையும் திரும்பிய எண்ணிக்கையும் ஒத்துவந்தால்தான் வண்டி கிளம்பும். இரண்டு குறைந்தன. வெயிலில் புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்த இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சார், வெறும் பித்தளைக்கூடுதானே? இதை மறுபடியும் நிரப்ப முடியுமா என்ன?”

அவன் கையிலிருந்த பாயிண்ட் இருபத்திரண்டு கூட்டை நிரப்ப முடியாது. தீப்பற்றவைக்கும் இரசாயனம் அதன் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அடித்து விளிம்பு நசுங்கியதும் அதன் ஆயுள் முடிந்தது. பெரிய துப்பாக்கிகளின் கூடுகள் அப்படியல்ல. அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு கிண்ணம்போல் பொருத்தியிருக்கும் எரியூட்டியைத் தட்டியெடுத்துவிட்டுப் புதியது வைக்கலாம். கூட்டை மீண்டும் மீண்டும் நிரப்பலாம். இவ்வளவையும் அன்று நான் அறிந்திருக்கவில்லை. அவன் கேட்ட கேள்விதான் என்னைப் பரங்கிமலை வரைக்கும், பிறகு அதற்கப்பாலும் இழுத்துச் சென்றது.

முதலில் சொற்கள். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல் என்பர் அகராதிக்காரர்கள். வான்சிறப்பு அதிகாரத்திலேயே துப்பாக்கி இருக்கிறது என்று பட்டிமன்ற மேடையில் சிரிப்பு மூட்டுவது வேறு செய்தி. தோட்டா உருது வழி வந்தது. பீரங்கி ‘ஃபிரங்கி’யின் திரிபு; பரங்கியும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆகவே மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் நெடுங்காலம் பரங்கிமலையில் இருந்தது என்பதில் ஒரே சொல் இருமுறை ஒலிக்கிறது. ஆனால் உள்ளே போடுவதற்கு மட்டும் நாம் இரவல் வாங்கவில்லை. அது ‘மருந்து’. அதை இடித்து இறுக்குவது ‘கெட்டித்தல்’. கோயில் திருவிழாவில் வேட்டுக்குழாயில் மருந்து கெட்டிப்பவரும், குருவி சுடப்போகிறவரும், கோட்டை மதிலில் நின்ற சிப்பாயும் இந்த ஒரு வினைச்சொல்லைத்தான் ஆண்டிருப்பார்கள். துப்பாக்கியின் வரலாற்றைத் தளபதிகளின் வரலாறாகவே எழுதிவிட்ட நாம், கெட்டித்த கைகளைப் பற்றி அதிகம் பேசவில்லை என்றே தோன்றுகிறது.

1746 அக்டோபரை எடுத்துக்கொள்வோம். சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த பிறகு ஆர்க்காட்டு நவாப் அன்வாருத்தீன் கானின் மகன் மாபூஸ்கான் பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டார். கோட்டையிலிருந்து சில நூறு பேர் இரண்டு சிறு பீரங்கிகளுடன் வெளியே வந்தனர். முதல் குண்டு வெடித்ததும் நவாபின் குதிரைவீரர்கள் அஞ்சவில்லை. அடுத்த குண்டுக்கு வெகுநேரம் ஆகும் என்பதே அவர்கள் அதுவரை கண்ட அனுபவம். ஆனால் இடைவெளியின்றி அடுத்தடுத்துக் குண்டுகள் வந்தன. படை கலைந்து ஓடியது. அதே மாதத்தில் அடையாற்றுக் கரையில் பாரதி என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் சிறுபடை (பாரடிஸ் என்றும் எழுதுவர், நம் கவிஞரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஆற்றைக் கடந்து வந்து, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய அதே படையை மீண்டும் முறியடித்தது.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பாடநூல்கள் இதை ஐரோப்பியக் கட்டுப்பாட்டின் வெற்றி என்று எழுதுகின்றன. கட்டுப்பாடு உண்மைதான். ஆனால் அந்த முதல் மோதலில் வென்றது அளந்து கட்டி வைத்திருந்த மருந்துப் பொட்டலம் என்று நான் சொல்வேன். களத்தில் நின்று மருந்தை அள்ளி அளப்பவனுக்கும், முன்னிரவிலேயே யாரோ அளந்து பொதிந்து வைத்ததை எடுத்துச் செருகுபவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அது. வேகம் கூடியது. கூடவே ஒரு புதிய சார்பும் வந்தது: சுடுகிறவன் தன் உயிரைத் தான் பார்த்திராத ஒருவன் கையில் ஒப்படைக்கிறான்.

அந்தச் சார்பு எவ்வளவு மெல்லிய காகிதத்தில் நிற்கிறது என்பதை 1857 காட்டியது. என்ஃபீல்டு துப்பாக்கிக்கான காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ளி இடிக்கவேண்டும். குண்டுப்பக்கம் கொழுப்புப் பூசியிருக்கும். மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ என்ற ஐயம் அவ்வாண்டு ஜனவரியில் டம்டமில் எழுந்ததை எல்லோரும் அறிவர். பலர் அறியாதது, பிறகு நடந்தவை. விருப்பமான கொழுப்பை நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்றார்கள். பல்லுக்குப் பதில் விரலால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையே மாற்றினார்கள். பயனில்லை. கொழுப்பு போனதும் ஐயம் காகிதத்தின் பளபளப்பின்மேல் விழுந்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தொட மறுத்தவை புதிய தோட்டாக்களே அல்ல. அவர்கள் நெடுநாள் கையாண்ட பழைய வகையைச் சேர்ந்தவை. பொட்டலம் கட்டிய கையின்மீது நம்பிக்கை போய்விட்டால் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது பொருட்டே அல்ல. வேலூரில் 1806இல் தலைப்பாகைத் தோல் செய்ததை வடக்கே தோட்டா செய்தது. சென்னைப் படை 1857இல் பெரும்பாலும் அமைதியாகவே இருந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுக்கு இங்கே இடமில்லை.

காகிதம் போய்ப் பித்தளை வந்தது. உல்லிச் ஆயுதசாலையின் ஆய்வகக் கண்காணிப்பாளராக இருந்த எட்வர்டு பாக்ஸர் 1860களில் உருவாக்கிய தோட்டாக்கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. சிக்கனம் அதற்கு ஒரு காரணம். சிக்கனத்தின் விலை சூடானில் தெரிந்தது. 1885 ஜனவரியில் அபு கிளியாவில் மணலும் வெப்பமும் சேர்ந்து, மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளின் அறைக்குள் சுருள்கூடுகள் சிக்கிக்கொண்டன. எதிரி பத்தடி தொலைவில் நிற்கையில் சிப்பாய்கள் கத்திமுனையால் கூட்டை நெம்பிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகே ஒரே துண்டாக இழுத்து வார்த்த கெட்டிக் கூடுகளுக்கு மதிப்பு வந்தது. திரும்பத் திரும்ப நிரப்பத் தகுந்தவையும் அவைதான். பாக்ஸர் வகுத்த எரியூட்டி முறை இன்று அமெரிக்காவில் பரவலாக வழங்குகிறது. அமெரிக்கரான பெர்டான் வகுத்தது ஐரோப்பாவில் வேரூன்றியது. ஊர் மாறிப் பிறந்த பிள்ளைகள். பாக்ஸர் முறையில் துளை ஒன்றே, அதுவும் நடுவில். பழைய எரியூட்டியை ஓர் ஊசியால் தள்ளிவிடலாம். வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் அவ்வளவு பெருகியதற்கு இந்தச் சிறு துளைக்கும் பங்குண்டு.

அங்கே 1958இல் ரிச்சர்டு லீ என்பவர் சுத்தியலால் தட்டி நிரப்பும் எளிய கைக்கருவி ஒன்றைச் செய்தார். அதைவிட வேகமாக வேண்டுமென்றவர்கள் சுழல்தட்டு அச்சுகளை நாடினர். வட்டத்தட்டில் நான்கைந்து கூடுகள் நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒன்றில் பழைய எரியூட்டி விழும், ஒன்றில் மருந்து இறங்கும், ஒன்றில் குண்டு அமரும், கடைசியிலிருப்பது முழுத்தோட்டாவாக வெளியேறும். விலையுயர்ந்தவையும் உண்டு, மலிவானவையும் உண்டு. மலிவானவற்றைப் பற்றிய புலம்பல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குவிகின்றன: அந்தச் சிறிய எரியூட்டிகள் வரிசையாக வழுக்கி வந்து சரியான நொடியில் சரியான இடத்தில் விழுவதில்லை. தட்டு அரைநூல் முன்பின்னாகச் சுழன்றால் எல்லாம் கெடுகிறது.

சிற்றிதழ் வாசகர்களுக்கு டிரெடில் அச்சை நினைவூட்டலாம். தாள் கோணலாகப் போனால் இயந்திரத்தை நிறுத்தி, திட்டி, சரிசெய்து, மறுபடி மிதிப்பார்கள். அங்கே வீணாவது ஒரு தாள். இங்கே அந்த நிறுத்தம்தான் ஆபத்து. சிக்கலைச் சரிசெய்து கைப்பிடியை மீண்டும் இழுக்கும்போது எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை என்ற கணக்குத் தப்புகிறது. மருந்தில்லாத தோட்டாவின் குண்டு எரியூட்டியின் வேகத்தில் மட்டும் கிளம்பிக் குழலின் நடுவிலேயே தங்கிவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். இருமடங்கு மருந்து விழுந்தாலும் அதே கதி. ஒவ்வொரு படியாகச் செய்யும் பழைய ஒற்றை அச்சில், மருந்திட்ட கூடுகளை ஒரு பலகையில் நிறுத்தி விளக்கொளியில் எட்டிப்பார்க்க முடிந்தது. சுழல்தட்டு கண்ணின் வேலையைத் தன் தாளத்திடம் ஒப்படைத்துவிட்டது. இயந்திரம் மலிவாக இருப்பது அவ்வளவு பெரிய குறையில்லை. தாளம் அறுகிற இடத்தை மறைக்கிறதே, அதுதான் குறை.

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. நீலகிரியின் அரவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் ஆலை இன்றும் மருந்து செய்கிறது; 2021 அக்டோபரில் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் வந்தது. மருந்து அரசின் பொருள். கூடுகளை எண்ணித் திருப்பித் தருவதும் அதனால்தான்.

ஆனால் கையால் கெட்டித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு இன்னும் அகன்று கிடந்தபோது, தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையோரத்தில் ஒரு நரிக்குறவப் பெரியவர் குந்தியமர்ந்து நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் மருந்தைக் கொட்டி, கொஞ்சம் யோசித்து, ஒரு சிட்டிகையைத் திரும்பக் குடுவைக்குள் போட்டார். தேங்காய்நாரைச் சுருட்டித் திணித்தார், கோலால் இடித்தார், ரவையைக் கொட்டினார், மறுபடி நார். அப்பாவின் மிதிவண்டியின் முன்கம்பியில் உட்கார்ந்திருந்த நான் வெடிச்சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். அவர் சுடவில்லை. எழுந்து, துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கோரைக்குள் இறங்கிப் போனார். உரிமமற்ற பறவை வேட்டையை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முன்பே குற்றமாக்கியிருந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும்.

அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொல்ல வாய்க்கவில்லை. காணாமற்போன இரண்டு கூடுகளில் ஒன்று அவன் காலணிக்கடியில் மண்ணில் அமுங்கியிருந்தது. மற்றதைத் தேடி முடிக்க மாலை ஐந்தரை ஆயிற்று.