ஏழு நாளும் நான்கு மணி நேரமும்

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் வான்வழித் தொலைவு சுமார் 2,600 கிலோமீட்டர். திருச்சிக்குச் சுமார் 2,700. ஜெட் விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கடக்கும் தூரம் இது. கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டங்களின் முதல் தலைமுறை இதே தூரத்தை நாள் கணக்கில்தான் அறிந்திருந்தது.

1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதும் சிலாங்கூர் தோட்டங்களுக்கு அதுவே வாசலானது. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி ஆட்களின் கப்பல் செலவை ஏற்றது. ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தவர் கங்காணி. நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் காத்திருந்து, கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, இறங்கியதும் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் மேலும் சில நாள் இருந்த பிறகே தோட்டத்து லயத்தைப் பார்க்க முடிந்தது. பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் என்று தமிழ்ப் பெயரையே தாங்கிய தோட்டம் உண்டு. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவியது அங்கேதான்.

1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றக்கூடிய கப்பல். தளப் பயணிக்கு அறை கிடையாது. பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் அந்த இடமே ஒரு வாரத்துக்கு வீடு. 1938-இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடுத்த பிறகும், ஊருக்குப் போய் வருவோருக்கு அந்தக் கப்பலே பாலமாக இருந்தது. 1970-களில் அதன் இடத்துக்கு ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தனர். அத்துடன் அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்தது.

வானம் அதற்கு முன்பே திறந்திருந்தது. 1965 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம் வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்குப் பக்கம். ஆயினும் பால்வெட்டுச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு விமானச் சீட்டு நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 1998-இல் சர்வதேச விமானங்கள் சிப்பாங்குக்கு மாறியதும், கோல சிலாங்கூர்க்காரர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டியதாயிற்று. பின்னாளில் மலிவுக் கட்டண விமானங்கள் திருச்சிக்கே நேராகப் பறந்தபோதுதான் தோட்டத்து மக்களின் பயணம் உண்மையில் எளிதானது.

கடிகாரம் மட்டும் இன்னும் குழப்புகிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா நேரத்தை அரைமணி முன்னே தள்ளியதால் இந்தியாவோடு வேறுபாடு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நள்ளிரவு 12-க்குச் சென்னையில் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்தாலும் இறங்கும்போது மணி காலை 6.30. காலை 9-க்குச் சிப்பாங்கில் புறப்பட்டால் சென்னையில் 10.30. ஆடி, ஆவணியில் தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து வீசும் உயர்காற்று சென்னைப் பயணத்துக்குத் துணை. திரும்பும் பயணத்துக்கு எதிர்.

இந்த மாற்றத்தைச் சாவு வீட்டில்தான் சரியாக அளக்க முடியும். கப்பல் காலத்தில், ஊரில் தாய் இறந்தாள் என்று தந்தி வந்தால் மகன் பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. இன்று கொள்ளி வைக்கும் முன்பே போய்விட முடிகிறது.