கார்த்திகைக்குப் பின்னும் மழை: சேர்வராயன் மலைக் குடும்பங்களின் புயல் ஆயத்தம் தலைமுறைதோறும் மாறிய வகை

எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியர், சேர்வராயன் மலையைப் பற்றி இன்றும் முதன்மைச் சான்றாக எடுத்தாளப்படுகிறது. அதன் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்நூலின் அமைப்பு நம்மிடையே விதைத்துள்ள ஒரு வாசிப்பை மறுக்க வேண்டியிருக்கிறது. புயல் கடற்கரைக்குரியது, மலைக்குரியது மழையளவு மட்டுமே என்பது அந்த வாசிப்பு. பின்வந்த ஏற்காட்டு வரலாறுகள் பலவும் இதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுள்ளன.

சென்னை மாகாண கெசட்டியர்களின் பொதுத் திட்டம் மக்களை ஓர் இயலிலும் வேளாண்மையை வேறோர் இயலிலும் மழையையும் பருவங்களையும் மற்றோர் இயலிலும் வைக்கும். இந்தப் பகுப்பில் கூரை வேய்வது மக்களின் வழக்கமாகிறது. சாமை அறுப்பு வேளாண்மையாகிறது. ஐப்பசி அடைமழை அங்குலக் கணக்காகிறது. மூன்றையும் ஒரே வீட்டில் ஒரே பருவத்தில் செய்து முடித்தவர்கள் எந்த இயலிலும் முழுதாகத் தென்படுவதில்லை. இது தொகுப்பாளர் ஒருவரின் கவனக்குறைவு அன்று. சேலம் வறண்ட மாவட்டம். 1876–78 பஞ்சம் அதைக் கடுமையாகத் தாக்கியது. 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு பஞ்சத்தின் சுவடு ஆறாத காலத்தது. வருவாய்த் துறையின் கண்ணுக்கு மழை பொய்ப்பதுதான் பேரிடர். வடகிழக்குப் பருவமழை மிகுந்து வருவது நிவாரணம். சமவெளியின் அந்த நியாயத்தை மலைமேல் ஏற்றியதே பிழை.

மலையில் புயல் வேறு விதமாக வேலை செய்கிறது. வங்கக் கடலில் எழும் சூறாவளி கரை கடந்ததும் காற்றின் வேகத்தை இழக்கிறது. ஈரத்தை உடனே இழப்பதில்லை. சேலம் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து, ஏற்காட்டில் ஏறத்தாழ 1,500 மீட்டரும் சேர்வராயன் உச்சியில் 1,600 மீட்டருக்கு மேலும் உயரும் மலைத்தொகுதி அந்த ஈரக்காற்றை மேலே தள்ளிக் கொட்டவைக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பிறகு உள்நாட்டில் பெய்வித்த மழையே இதற்குப் போதிய சான்று. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது, ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. ரிச்சர்ட்ஸ் எழுதிய காலத்தில் ஊத்தங்கரையும் சேலம் மாவட்டத்து வட்டங்களில் ஒன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையைக் கடந்து கொடைக்கானல் மலைவரை சேதம் விளைவித்ததும் இவ்வகையே.

இந்த மழைக்கு மலைக் குடும்பங்கள் செய்த ஆயத்தத்தை மூன்று அடுக்குகளாகப் பார்க்கலாம். மிகப் பழைய அடுக்கு மலையாளிப் பழங்குடியினருடையது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவர் மலைகளில் பிரிந்து குடியேறினர் என்பது அவர்களின் மரபுக்கதை. அதற்கு ஆண்டு குறிக்கும் முயற்சிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, நானும் குறிக்கப்போவதில்லை. இந்த அடுக்கில் காக்கப்பட வேண்டியது தானியம். முன்பருவத்தில் விதைத்த சாமையும் கேழ்வரகும் அறுப்புக்கு வரும் வேளையில்தான் வடகிழக்கு மழை இறங்குகிறது. ஆகவே கோடையிலேயே கூரைப்புல் மாற்றப்படும். விறகு அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏறும். விதைத்தானியம் புகைபடும் இடத்தில் தொங்கும். தானியம் சேர்த்து வைக்கும் தொம்பையின் அடி தரையிலிருந்து உயர்த்தப்பட்டிருக்கும். தனித்தனியே பார்த்தால் இவை எந்த ஊரிலும் காணும் வீட்டு வேலைகள். பருவ வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரே நோக்கமுடைய ஏற்பாடு.

இங்கே என் சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொண்டே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உச்சியிலுள்ள குகைக்கோயிலில் மலைத்தெய்வமான சேர்வராயனுடன் காவேரியம்மனும் வீற்றிருக்கிறாள். பெருவிழா மே மாதத்தில் நடக்கிறது. சிதறிக் கிடக்கும் ஊர்கள் ஓரிடத்தில் கூடும் இந்நாள்கள் கூரை வேயும் காலத்தோடு நெருங்கி வருகின்றன. புல்லுக்கும் ஆளுக்கும் பேசி முடிக்க இதைவிடத் தக்க கூட்டம் மலையில் இல்லை. விழா ஆயத்தத்திற்காக எழுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆயத்தம் விழாவைப் பயன்படுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்கிறேன். மக்கள் இயலையும் மழை இயலையும் பிரித்து வைத்த ஒருவருக்கு இந்தக் கேள்வியே எழ வாய்ப்பில்லை.

இரண்டாம் அடுக்கு காப்பியோடு வருகிறது. சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த ஆண்டு 1820 என்று பரவலாக எழுதப்படுகிறது. அது அவர் பொறுப்பேற்றதாகக் குறிக்கப்படும் ஆண்டும்கூட. பதவியேற்ற ஆண்டே நாற்று நட்ட ஆண்டாகப் பதிந்துவிட்டதோ என்ற ஐயம் எனக்குண்டு. 1820கள் என்று நிறுத்திக்கொள்வதே முறை. அராபிகா கோடை மழையில் பூத்து நவம்பர் முதல் பழுக்கிறது. அதனால் தோட்டக் குடும்பத்தின் அச்சம் வீட்டை விட்டுச் செடிக்கும் களத்திற்கும் நகர்ந்தது. விடாத மழையில் பழம் வெடித்து உதிரும். பறித்த பழம் களத்தில் காயாமல் பூசணம் பிடிக்கும். சில்வர் ஓக் நிழல்மரங்களின் கிளை கழிப்பதும், சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் தூர்வாருவதும், களத்தை மூடும் தார்ப்பாயை எடுத்து வைப்பதும் புதிய ஆயத்தங்களாயின. சாமைக் கொல்லையும் தோட்டக் கூலியும் ஒருங்கே கொண்ட மலையாளி வீட்டில் இரண்டு அடுக்குகளும் ஒரே கார்த்திகையில் மோதின: தன் தானியத்தை முதலில் சேர்ப்பதா, துரையின் பழத்தையா? கெசட்டியரின் எந்த அட்டவணையும் இந்த மோதலைக் காட்டாது.

இந்த இடத்தில் ஒரு பழமொழியின் இரு வடிவங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்பது ஒன்று. ‘கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை’ என்பது மற்றொன்று. முதலாவது நாள் குறிக்கிறது: கார்த்திகை போனால் களத்தைத் திறக்கலாம். இரண்டாவது அளவு குறிக்கிறது: கார்த்திகை மழையை எதிர்கொள்ளும் வலிமை வீட்டிற்கு வேண்டும், அது எந்நாளில் வந்தாலும். உலர்களத்தை நம்பும் காப்பிக் கணக்குக்கு முதல் வடிவம் பொருந்துகிறது. கூரையையும் தொம்பையையும் நம்பும் வீட்டிற்கு இரண்டாவது. வரலாறு இரண்டாவதின் பக்கமே நிற்கிறது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலும், 2011 டிசம்பர் 30இல் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலும் மார்கழியில் வந்தவை. எந்த வடிவம் மூத்தது என்பதை என்னால் நிறுவ இயலவில்லை. இரண்டும் அருகருகே வாழ்ந்திருக்கவும் கூடும்.

மூன்றாம் அடுக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் புல்கூரையின் கவலையை நீக்கின. ரேஷன் அரிசி தொம்பையின் தேவையைக் குறைத்தது. இப்போது இளைய தலைமுறை காப்பது சாலையை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சேலம் பாதை அடைபட்டால் குப்பனூர் வழி. அதுவும் அடைபட்டால் மருந்து, எரிவாயு, பால், பள்ளி எல்லாம் நிற்கும். அவர்களின் ஆயத்தம் கைப்பேசிக்கு மின்னேற்றுவது, ஆரஞ்சு, சிவப்பு மழை எச்சரிக்கைகளைப் பின்தொடர்வது, 1077 என்ற பேரிடர் உதவி எண்ணை அறிந்திருப்பது. மூத்தோர் இதை ஆயத்தமின்மை என்று குறைகூறுவது சரியன்று. ஆனால் இழப்பும் உண்மை: கூரை மாதங்களுக்கு முன் கேட்ட உழைப்பைச் சாலை மூன்று நாள் எச்சரிக்கைக்குள் கேட்கிறது. நீண்ட ஆயத்தம் குறுகிய ஆயத்தமாகிவிட்டது.

மாற்றம் அறியாமையிலிருந்து அறிவுக்கு நடந்ததன்று. காக்கும் பொருள் தானியத்திலிருந்து பழத்திற்கும், பழத்திலிருந்து பாதைக்கும் மாறியது. பல வீடுகளில் மூன்றும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. எனவே ஏற்காட்டு வட்டத்தின் பேரிடர்த் திட்டம் செ.மீ. கணக்கோடும் சரிவுப் பகுதிகளின் பட்டியலோடும் நிற்கக்கூடாது. எந்த ஊர் மூன்று நாள் பாதையின்றித் தாங்கும், எந்த வீட்டில் இன்னும் தானியக் கையிருப்பு உண்டு என்பதையும் அது பதிய வேண்டும். தோட்டங்களின் மழைக் குறிப்பேடுகளையும் மூத்த பெண்களின் நினைவுகளையும் ஒன்றாகத் தொகுத்தால், கெசட்டியர் தனித்தனி இயல்களில் பிரித்து வைத்தவற்றை ஒரே வீட்டின் வரலாறாக எழுத முடியும்.